பெப்பர்மின்ட் மிட்டாயில் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலல் விருந்து முடிந்ததும் கடைகளின் முன்வரிசை அலமாரிகள் சிவப்பும் வெள்ளையுமாக நிறைந்துவிடும். பெப்பர்மின்ட் மிட்டாய்க் காலம் அப்போது தொடங்குகிறது. இந்த மிட்டாயைத் தின்பதைக் காட்டிலும் அதைக் கொண்டு வீட்டை அலங்கரிப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொங்கல்களுக்கு நடுவே, ஓவனிலிருந்து இறங்கிய, பெப்பர்மின்ட் மணக்கும் ஒரு சர்க்கரை நட்சத்திரம் தொங்கினால் மரத்தின் முகமே மாறிவிடுகிறது. செலவு மிகக் குறைவு. ஒரு மாலை நேரம் போதும். குழந்தைகளுக்கும் பாட்டிகளுக்கும் ஒரே மேசையில் வேலை கிடைக்கும்.

இந்த வேலையில் இரண்டே விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சூடு பட்டால் மிட்டாய் இளகும். ஈரம் பட்டால் கசியும். கீழே வரும் ஒவ்வொரு குறிப்பும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது. இவை புரிந்துவிட்டால், நான் சொல்லாத அலங்காரங்களையும் நீங்களே யோசித்துச் செய்துவிடலாம்.

மிட்டாயின் குணம்

சர்க்கரையையும் சோளப் பாகையும் சேர்த்து ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால் தண்ணீர் அனேகமாக முழுவதும் ஆவியாகிப் போகும். ஆறும்போது அந்தப் பாகு படிகமாக மாறாமல் கண்ணாடியாக உறைகிறது. பார்க்க மட்டும் கண்ணாடி போன்றது என்று எண்ண வேண்டாம். அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமராமல் அப்படியே உறைந்துபோன பொருள் எதுவோ, அதையே அறிவியல் கண்ணாடி என்கிறது. அந்தக் கணக்கில் இந்த மிட்டாயும் கண்ணாடியே. அதனால்தான் பட்டென்று உடைகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று உருகாமல், சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதற்கும் அதுவே காரணம். இந்த இளகும் கட்டம் நீளமாக இருப்பது நமக்கு நல்லது. வளைக்கவும் ஒட்டவும் அச்சில் அமுக்கவும் நேரம் கிடைக்கிறது.

வெள்ளை நிறத்துக்குப் பெரும்பாலும் சாயம் காரணமில்லை. காய்ச்சிய பாகைத் திரும்பத் திரும்ப இழுத்து மடிக்கும்போது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுக் குமிழ்கள் உள்ளே சிக்குகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் பாகு வெள்ளையாகத் தெரிகிறது. ஓவனில் அதிக நேரம் வைத்த மிட்டாய் பளிச்சென்ற வெண்மையை இழந்து மங்கிப்போவதும் இதனால்தான். குமிழ்கள் ஒன்றுசேர்ந்து மேலே வந்து வெடித்துவிடுகின்றன. சிவப்புக் கோடுகளும் அப்போது கலங்கிவிடும். எனவே உருக்கும் வேலையில் ஒரு நிமிடம் முன்னே எடுப்பது ஒரு நிமிடம் பின்னே எடுப்பதைவிட எப்போதும் நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடையில் மூன்று வடிவங்களைக் காணலாம். முதலாவது, நடுவிலிருந்து சிவப்புக் கதிர்கள் சுழன்று விரியும் வட்ட மிட்டாய். அமெரிக்காவில் இதை ‘ஸ்டார்லைட் மின்ட்’ என்று விற்கிறார்கள். குறுக்களவு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர், எடை சுமார் 5 கிராம். உருக்கும் வேலைகளுக்கு இதற்கு நிகர் இல்லை. இரண்டாவது, கைப்பிடி வளைந்த ஊன்றுகோல் வடிவிலான ‘கேண்டி கேன்’. மூன்றாவது, நேரான குச்சி.

இவற்றின் பக்கத்திலேயே உருண்டையாக, வாயில் போட்டதும் பொரபொரவென்று கரையும் மென்மையான வகை ஒன்றும் இருக்கும். சுவை அருமை. ஆனால் அதற்குள் சர்க்கரை மீண்டும் படிகமாகிவிட்டது. ஓவனில் அது இளகி ஒன்றோடொன்று ஒட்டாது. ஜாடியில் நிரப்பி வைக்க மட்டும் அதை வாங்குங்கள்.

குச்சி மிட்டாய்க்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. சுவீடனில் வெட்டர்ன் ஏரிக்கரையில் கிரென்னா என்ற சிறு நகரம். அங்கே அமாலியா எரிக்சன் என்ற கைம்பெண் பிழைப்புக்காகச் சிவப்பு வெள்ளைப் பெப்பர்மின்ட் குச்சிகளைச் செய்து விற்க 1859-இல் அனுமதி பெற்றார். ‘போல்காக்ரீஸ்’ என்ற பெயரில் அந்த மிட்டாய் இன்றும் அங்கே கையால் இழுத்துச் செய்யப்படுகிறது. வளைந்த கேண்டி கேனுக்குப் பல கதைகள் சொல்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரத் தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் ஒருவர் சிறுவர்களை அமைதிப்படுத்தக் கொடுத்தார் என்ற கதைதான் எங்கும் பரவியிருக்கிறது. அந்தக் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை என்பதால் நான் அதை நம்புவதில்லை. உறுதியாகத் தெரிவது இருபதாம் நூற்றாண்டுச் செய்தி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ஆல்பனி நகரில் பாப்ஸ் கேண்டீஸ் நிறுவனம் கேண்டி கேன்களை ஏராளமாகச் செய்தது. அதை நிறுவியவரின் மைத்துனரும் கத்தோலிக்கப் பாதிரியாருமான கிரெகரி கெல்லர், குச்சிகளை முறுக்கி வளைக்கும் இயந்திரத்தை 1950-களில் உருவாக்கினார். அதற்கு முன் சூடான குச்சிகளைக் கையால் வளைத்ததில் நிறைய உடைந்து வீணாயின.

உடைவது இன்றும் நிற்கவில்லை. பெட்டியை அசைத்துப் பார்த்து வாங்குங்கள், தேவைக்கு மேல் நாலைந்து கேண்டி கேன்கள் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தவற்றை எறிய வேண்டாம், பொடிக்கும் துண்டுக்கும் பின்னால் வேலை இருக்கிறது.

தின்னவா, பார்க்கவா?

வேலையைத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். தின்னக்கூடிய அலங்காரம் என்றால் ராயல் ஐசிங் (ஐசிங் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்த, காய்ந்தால் இறுகும் பூச்சு), உருக்கிய வெள்ளைச் சாக்லேட், அல்லது மிட்டாயின் சொந்தச் சூடு, இவை மூன்றுதான் பசை. பார்வைக்கு மட்டும் என்றால் குளூ கன் (பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் கருவி), அக்ரிலிக் தெளிப்பான், கம்பி என்று எதையும் பயன்படுத்தலாம். இரண்டையும் ஒரே பொருளில் கலக்கவே கூடாது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் மிட்டாயைப் பார்த்த குழந்தை அதை வாயில் வைக்கும். அதில் எது தின்னக்கூடாதது என்று அதற்குத் தெரியாது. என் வீட்டில் பார்வைக்குரியவை எல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போகும், தின்னக்கூடியவை தாழ்ந்த கிளைகளில் இருக்கும்.

ஓவனில் உருக்கிச் செய்யும் மரத் தொங்கல்கள்

முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். தேவையானவை: உறை பிரித்த வட்ட மிட்டாய்கள், உலோகத்தாலான குக்கீ அச்சுகள், பேக்கிங் தட்டு, அதில் விரிக்கப் பார்ச்மென்ட் காகிதம் அல்லது சிலிகான் விரிப்பு, வாசனை இல்லாத சமையல் எண்ணெய், மூங்கில் குச்சி, மெல்லிய ரிப்பன். பிளாஸ்டிக் அச்சு உருகிவிடும். மெழுகுத்தாளும் ஆகாது, சூட்டில் மெழுகு இளகி மிட்டாயோடு ஒட்டிக்கொள்ளும். ‘பட்டர் பேப்பர்’ என்ற பெயரில் விற்கும் தாள்களில் சில ஓவன் சூட்டைத் தாங்காதவை என்பதால் உறையில் வெப்ப அளவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

1. ஓவனை 175 டிகிரி செல்சியஸுக்கு (350 டிகிரி ஃபாரன்ஹீட்) முன்கூட்டியே சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 160 போதும். சாதாரண மைக்ரோவேவில் சர்க்கரை சீராகச் சூடாகாது, கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

2. அச்சுகளின் உள்சுவர் முழுவதும், மூலை முடுக்கு விடாமல், எண்ணெய் தடவுங்கள். நட்சத்திரத்தின் முனைகளில்தான் மிட்டாய் பிடித்துக்கொள்ளும்.

3. அச்சுகளைத் தட்டில் வைத்து மிட்டாய்களை ஒற்றை அடுக்காக அடுக்குங்கள். 7.5 சென்டிமீட்டர் வட்ட அச்சில் நடுவே ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு மிட்டாய்கள் கச்சிதமாக அமரும். நட்சத்திரம், மணி போன்ற வடிவங்களில் இடைவெளி விழும். அந்த இடங்களை உடைந்த துண்டுகளால் நிரப்புங்கள். உருகினால் மிட்டாய் பரவுமே தவிரப் பெருகாது. காலியான முனை காலியாகவே நின்றுவிடும்.

4. ஓவனில் வைத்த நான்காவது நிமிடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். மிட்டாய்களின் விளிம்புகள் மழுங்கி, ஒன்றையொன்று தொட்டு, இடையிலிருந்த ஓட்டைகள் மூடிக்கொள்ளும் நேரமே சரியான நேரம். பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் இது நடந்துவிடும். குமிழி கிளம்பினால் தாமதமாகிவிட்டது என்று பொருள், உடனே வெளியே எடுங்கள்.

5. ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, எண்ணெய் தொட்ட மூங்கில் குச்சியால் மேல்விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஓட்டை போடுங்கள். குச்சியைச் சுழற்றியபடியே எடுக்க வேண்டும். ஓட்டை மெதுவாக மூடிக்கொள்வது போலத் தெரிந்தால் அரை நிமிடம் பொறுத்து மறுபடி ஒருமுறை குத்துங்கள். விளிம்புக்கு மிக அருகே போட்டால் தொங்கும் கனத்தில் அந்த இடம் உடைந்துவிடும்.

6. அச்சைக் கழற்றும் நேரம்தான் நுட்பமானது. மிட்டாய் இறுகியிருக்க வேண்டும், இளஞ்சூடும் இருக்க வேண்டும். முழுவதும் ஆறிய பிறகு அழுத்தித் தள்ளினால் நொறுங்கும். மிகச் சூடாக இருக்கும்போது கழற்றினால் வடிவம் கோணிப்போகும். அச்சின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் கை பொறுக்கிறது என்ற நிலையில், நாலாபுறமும் மெதுவாக அசைத்துக் கழற்றுங்கள். ஆறிப்போய்விட்டதா? தட்டோடு ஒரு நிமிடம் ஓவனில் வைத்தால் ஓரம் தளரும்.

7. அரை மணி நேரம் அசையாமல் ஆறட்டும். பிறகு ரிப்பன் கோத்து முடிச்சிடுங்கள். மெல்லிய நூலைவிட ரிப்பன் கனத்தைப் பரப்பித் தாங்கும்.

ஏழு மிட்டாய்த் தொங்கல் ஒன்றே 35 கிராம் வரும். ஆகவே தண்டுக்கு அருகிலுள்ள தடித்த கிளைகளில் மாட்டுங்கள். பழைய இழை பல்புகளுக்கு அருகே மாட்ட வேண்டாம், அவற்றின் சூட்டில் நாள் போகப் போக மிட்டாய் இளகித் தொய்யும். எல்.இ.டி. விளக்குகளால் அந்தக் கவலை இல்லை. விளக்கு மிட்டாய்க்குப் பின்னால் வந்தால், உருகித் தெளிந்த இடங்களில் ஒளி ஊடுருவிச் சிவப்பு நிறம் மினுங்கும்.

மிட்டாய்க் கிண்ணம்

விருந்து மேசையில் வைத்தால் எல்லோரும் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் போக மாட்டார்கள். பார்ச்மென்ட் காகிதத்தின் நடுவில் ஒரு மிட்டாய், சுற்றி 6, அதைச் சுற்றி 12, அதற்கு வெளியே 18 என்று நெருக்கமாக அடுக்குங்கள். மொத்தம் 37 மிட்டாய்கள். குறுக்களவு 17 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். முதல் முறை செய்பவர்கள் மூன்றாவது வளையத்தை விட்டுவிட்டு 19 மிட்டாய்களோடு சிறிய கிண்ணமாகச் செய்வது நல்லது.

அதே 175 டிகிரியில் ஆறு முதல் எட்டு நிமிடம். தொங்கலுக்கு உருக்கியதைவிடச் சற்றுக் குறைவாக உருகினால் போதும். மிட்டாய்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் சுழல் கோடும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதற்கிடையில் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து வெளிப்பக்கம் எண்ணெய் தடவித் தயாராக இருங்கள்.

தட்டை எடுத்த பின் ஒரு நிமிடம் பொறுங்கள். காகிதத்தின் ஓரத்தைச் சற்றே தூக்கினால் மிட்டாய் வழியாமல் துணி மடிவது போல மெல்ல மடிய வேண்டும், அதுவே பதம். காகிதத்தோடு சேர்த்துத் தூக்கி, மிட்டாய்ப் பக்கம் கிண்ணத்தில் படும்படி கவிழ்த்து, ஓவன் கையுறையோடு காகிதத்தின் மேலிருந்து நடுவில் தொடங்கி ஓரத்துக்கு அமுக்கிக்கொண்டே வாருங்கள். பாதியில் இறுகிவிட்டால் மறுபடி ஓரிரு நிமிடம் ஓவனில் வைத்து இளக்கலாம். நன்றாக ஆறிய பிறகு காகிதம் தானாக உரிந்து வரும்.

இந்தக் கிண்ணத்தில் முந்திரி, பிஸ்கட், சாக்லேட் போன்ற உலர்ந்த பொருள்களை மட்டும் வையுங்கள். நறுக்கிய பழமோ ஐஸ்கிரீமோ வைத்தால் விருந்து முடிவதற்குள் அடிப்பக்கம் பிசுபிசுத்துவிடும்.

கேண்டி கேனை வேறு வடிவாக்குதல்

கேண்டி கேன் இறுகிய பின் வளையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உறை பிரித்து, 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்தால் அது வளைந்து கொடுக்கும். ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வைக்க வேண்டாம். வெளியே எடுத்தால் அரை நிமிடத்தில் இறுகத் தொடங்கும், உங்களுக்கு இருப்பதும் இரண்டே கைகள்தான். நேராக்கி எழுத்துகள் செய்யலாம், கரண்டிக் காம்பைச் சுற்றிச் சுருளாக்கலாம், நடுவில் மடித்து இதயமாக்கலாம். பருத்திக் கையுறை அணிந்து அதன் மேல் எண்ணெய் தடவிய ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டால் சூடும் தெரியாது, ஒட்டவும் செய்யாது.

வளைக்காமலேயே இதயம் வேண்டுமா? இரண்டு கேண்டி கேன்களை எதிரெதிரே படுக்க வைத்து, வளைவுகள் மேலேயும் வால் நுனிகள் கீழேயும் சந்திக்கும்படி பார்ச்மென்ட் காகிதத்தில் பொருத்தி, நடுவில் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை ஊற்றி நிரப்புங்கள். மேலே மிட்டாய்ப் பொடியைத் தூவி ஆறவிடுங்கள். சிறு பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதுவே மிகப் பாதுகாப்பானது.

சூடே வேண்டாத வேலைகள்

வாசல் கதவு வளையத்துக்கு உறை பிரிக்காத மிட்டாய்களே சிறந்தவை. கண்ணாடித்தாள் உறை ஈரத்தைத் தடுத்துவிடும், பண்டிகை முடிந்த பிறகு மிட்டாயைத் தின்னவும் முடியும். பலர் தெர்மாகோல் வளையத்தில் குளூ கன்னால் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கனமான வளையத்தில் பசை விட்டுப்போய் ஒவ்வொன்றாக விழும். கட்டுவதுதான் உறுதி. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி வளையம் ஒன்றை எடுத்து, கெட்டியான சிவப்பு நூலின் ஒரு முனையை அதில் முடிந்துவிடுங்கள். ஒவ்வொரு மிட்டாய் உறையின் முறுக்கிய வாலையும் வளையத்தோடு சேர்த்து வைத்து, மல்லிகைச் சரம் கட்டுவதைப் போல நூலைச் சுற்றிச் சுருக்கிட்டு இறுக்க வேண்டியதுதான். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, முன்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டினால் வளையம் அடர்த்தியாக நிரம்பும். பூக்கட்டத் தெரிந்த கைக்கு இது மிக எளிது. மேலே ஒரு பெரிய ரிப்பன் பூ போதும். அதற்கு மேல் ஜரிகை, மணி என்று ஏற்றினால் சிவப்பு வெள்ளையின் எடுப்பு குறைந்துவிடும்.

மேசையில் வைக்கும் பூச்சாடிக்கு, ஓரம் நேராக உள்ள தகர டப்பாவோ கண்ணாடிக் குவளையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு தடித்த ரப்பர் வளையத்தை மாட்டி, கேண்டி கேன்களைக் கைப்பிடி வெளியே பார்க்கும்படி ஒவ்வொன்றாக அதனுள் செருகிச் சுற்றிலும் நிறுத்துங்கள். 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள டப்பாவுக்கு, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கேண்டி கேன்கள் 25-க்குக் குறையாமல் தேவைப்படும். ரப்பர் வளையத்தை மறைத்து அகலமான ரிப்பனைக் கட்டுங்கள். தண்ணீரை நேராக டப்பாவில் ஊற்றாமல், உள்ளே சிறிய கண்ணாடிக் குவளையை இறக்கி அதில் பூக்களை வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் டப்பாவின் வெளிச்சுவர் வியர்த்து மிட்டாய் கசியும் என்பதால் அறைச்சூட்டுத் தண்ணீரே நல்லது. இதையே மெழுகுவத்திக் கூடாக்க நினைத்தால் மின்கலத்தில் எரியும் விளக்கையே வையுங்கள். உண்மையான சுடர் மிட்டாயை இளக்கிச் சாய்த்துவிடும்.

ஜிஞ்சர்பிரெட் வீட்டுக்கு

கூரையில் வட்ட மிட்டாய் ஓடுகள், வாசலில் குச்சித் தூண்கள், முற்றத்தில் கேண்டி கேன் வேலி என்று பெப்பர்மின்ட் இல்லாமல், இஞ்சி மணக்கும் பிஸ்கட்டால் கட்டும் இந்தக் குட்டி வீடு நிறைவடையாது. ஒட்டுவதற்கு ராயல் ஐசிங். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் சிலருக்குத் தயக்கம் உண்டு. அதற்குப் பதிலாக மெரிங் பொடி (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருவில் செய்தது) 3 மேசைக்கரண்டி, சலித்த ஐசிங் சர்க்கரை 4 கப், வெதுவெதுப்பான தண்ணீர் 5 முதல் 6 மேசைக்கரண்டி சேர்த்து, பளபளப்பு போய்க் கெட்டியாக நிமிர்ந்து நிற்கும்வரை அடியுங்கள். பாத்திரத்தை ஈரத்துணியால் மூடி வைக்காவிட்டால் மேலே ஏடு கட்டிவிடும்.

இங்கே வரும் சிக்கல் சாயம் கசிவது. ஐசிங்கில் உள்ள ஈரம் சிவப்புக் கோட்டைக் கரைத்து வெள்ளைச் சுவரில் இளஞ்சிவப்புத் தடம் போட்டுவிடும். அதனால் சுவரும் கூரையும் ஓர் இரவு முழுக்கக் காய்ந்த பிறகே மிட்டாய்களைப் பொருத்துங்கள். ஒட்டும் ஐசிங் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது, ஒரு மிட்டாய்க்கு ஒரு சிறு பொட்டு போதும்.

மிட்டாயைப் பொடிக்க, தடித்த ஜிப் பையில் போட்டு அதைத் துண்டில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் தட்டுங்கள். பிறகு சல்லடையில் சலியுங்கள். தூள் தனி, துண்டு தனி. தூள்தான் ஈரத்தை முதலில் இழுத்துக் கட்டியாகிப்போகும், ஆகவே அதை அன்றே வீட்டைச் சுற்றிலும் பனியாகத் தூவிவிடுங்கள். துண்டுகள் நடைபாதைக்கு.

வீட்டிலேயே மிட்டாய் இழுக்க விரும்பினால்

இது பெரியவர்களுக்கு மட்டுமான வேலை. 150 டிகிரியில் இருக்கும் சர்க்கரை, கொதிநீரைவிடக் கொடுமையாகச் சுடும். தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாது. பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவையுங்கள்.

சர்க்கரை 400 கிராம், லிக்விட் குளுக்கோஸ் அல்லது சோளப் பாகு 150 மில்லி, தண்ணீர் 120 மில்லி, கிரீம் ஆஃப் டார்ட்டர் கால் தேக்கரண்டி. சர்க்கரை கரையும்வரை கிளறி, கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய சர்க்கரைத் துகள்களை ஈரமான தூரிகையால் துடைத்து இறக்குங்கள். ஒரு துகள் விழுந்தாலும் பாகு முழுவதும் படிகமாகிப் பூத்துப்போகும். குளுக்கோஸ் சேர்ப்பதும் பூக்காமல் தடுக்கத்தான். வெப்பமானி 149 டிகிரி காட்டியதும் இறக்குங்கள். வெப்பமானி இல்லாதவர்கள், பொரி உருண்டைக்குப் பார்க்கும் ‘டங்’ என்று ஒலிக்கும் பதத்தையும் தாண்டிப் போக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் விட்ட கம்பி சட்டென்று ஒடிய வேண்டும், பல்லில் ஒட்டக் கூடாது.

கொதி அடங்கியதும் பெப்பர்மின்ட் எசன்ஸ் ஒரு தேக்கரண்டி சேருங்கள். ஆவி கண்ணைக் கரிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கை எண்ணெய் தடவிய சிலிகான் விரிப்பில் ஊற்றி, மீதியில் சிவப்புச் சாயம் கலந்து வேறொரு விரிப்பில் ஊற்றுங்கள். சிவப்பு இறுகாமல் இருக்க 95 டிகிரி ஓவனில் வைத்துவிடலாம். கையால் தொடக்கூடிய நிலைக்கு வந்ததும் கையுறையோடு வெள்ளைப் பாகை இழுத்து, மடித்து, முறுக்கி, மறுபடி இழுத்து வாருங்கள். மஞ்சள் கலந்த கண்ணாடி நிறம் பட்டுத்துணியின் வெண்மைக்கு மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். எனக்கு இந்த வழிகாட்டியிலேயே மிகவும் பிடித்த நேரம் இது. வெண்மை வந்ததும் தடித்த உருளையாக்கி, சிவப்பைக் கயிறுகளாக உருட்டி அதன் மேல் நீளவாக்கில் பதித்து, இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டே மெல்லிய குச்சியாக நீட்டுங்கள். எண்ணெய் தடவிய கத்தரிக்கோலால் நறுக்கி உடனே வளைத்துவிட வேண்டும்.

ஈரம், எறும்பு, குழந்தைகள், நாய்கள்

குளிர்காலத்தில் டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ வெப்பமூட்டிய வீட்டுக்குள் காற்று வறண்டிருக்கும். அங்கே உருக்கிய தொங்கல்கள் பண்டிகைக் காலம் முழுவதும் தாங்கும். சென்னையிலும் கொழும்பிலும் டிசம்பர் ஈரப்பதத்தில் உறை பிரித்த மிட்டாய் ஓரிரு நாளிலேயே பிசுபிசுக்கத் தொடங்கும். அங்கிருப்பவர்கள் உறையோடு செய்யும் வளையத்தையும் பூச்சாடியையும் தேர்ந்தெடுப்பது நல்லது. உருக்கிய தொங்கல்தான் வேண்டும் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் செய்து, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருந்து கடைசி நேரத்தில் மாட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

பார்வைக்கு மட்டுமானவற்றுக்கு நிறமற்ற அக்ரிலிக் தெளிப்பானை மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, இரு பக்கமும் அடித்தால் ஈரம் நெடுநாள் அண்டாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள். தெர்மாகோலில் ஒட்டப்போகும் மிட்டாய்களுக்கு ஒட்டுவதற்கு முன்பே அடித்துவிடுங்கள். தெளிப்பானிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும். குளூ கன்னில் குறைந்த சூட்டு வகையே மிட்டாய்க்கு ஏற்றது.

எறும்புகள் மரத்தின் அடிப்பாகம் வழியாகத்தான் ஏறும். வேலை முடிந்ததும் தரையில் சிந்திய தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கெட்டி மிட்டாயைக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வீட்டில் நாய் இருந்தால் சர்க்கரை இல்லாத வகைகளை வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் சிறிதளவே ஆனாலும் நாயின் உயிருக்கு ஆபத்து.

திறந்த மிட்டாய் அலங்காரங்களை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று மரத்தோடு சேர்த்து இறக்கிவிடலாம். தூசி படிந்திருக்கும், தின்ன வேண்டாம். தெளிப்பான் அடித்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ச்மென்ட் காகிதத்தில் சுற்றி, சிலிகா ஜெல்லோடு தட்டையாக அடுக்கி வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். அச்சுகளிலும் தட்டிலும் இறுகிப்போன மிட்டாயைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் தானாகக் கரைந்து போய்விடும்.